ஊர்ப் பெயர் தாங்கிய அணி யாருடையது?

சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், திண்டுக்கல்லிலிருந்து நத்தம், சிங்கம்புணரி வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் கொட்டாம்பட்டி என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். தெற்கே சென்றால் மதுரை. மேற்கே சென்றால் நத்தமும் திண்டுக்கல்லும். கிழக்கே சென்றால் காரைக்குடி. 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டி தொடங்கப்பெற்றபோது, அதில் ஆடிய அணிகள் எட்டு. அந்த எட்டனுள் மூன்று, இம்மூன்று திசைகளிலும் உள்ள ஊர்களின் பெயரைத் தாங்கியிருந்தன: மதுரை, திண்டுக்கல், காரைக்குடி. ஆகவே அந்த ஆண்டில் கொட்டாம்பட்டிக் கடைவீதியில் நின்ற இளைஞன் ஒருவன் எத்திசை நோக்கினாலும் ஓர் அணியின் ஊரை நோக்கியவனாகவே இருந்தான்.

விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்கு நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் உரிய இந்த இதழில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பந்தையும் மட்டையையும் பற்றி மட்டும் எழுதுவதானால் அதற்கு வேறு ஏடுகள் உள்ளன. ஆனால் ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் பொருள் அந்த ஊராருக்கு உரியதா, அன்றிப் பணம் கொடுத்தவருக்கு உரியதா என்னும் கேள்வி கூட்டுறவாளரின் கேள்வி. அக்கேள்விக்கு மதுரை அணியின் வரலாறு ஒரு விடையையும், கடல் கடந்த அமெரிக்க நாட்டில் பேஸ்பால் அணி ஒன்றின் வரலாறு மற்றொரு விடையையும் தருகின்றன. இரண்டையும் ஒருசேர நோக்குவது நமக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

சிறிய லீக் என்பது யாது?

பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் பெரிய போட்டிக்கு அடுத்த படியில், சிறிய ஊர்களின் பெயரால் நடைபெறும் போட்டிகளை அமெரிக்கர் ‘மைனர் லீக்’ என்பர். நாற்றங்காலில் விதைத்து, வளர்ந்த பின் வயலில் நடுவதை ஒத்தது இது. இளைஞன் சிறிய லீகில் ஆடித் தேர்ச்சி பெறுகிறான். தேறியவனைப் பெரிய லீக் எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டில் இந்தியன் பிரீமியர் லீக் பெரிய வயல் எனின், தமிழ்நாடு பிரீமியர் லீக் அதற்கு அருகில் அமைந்த நாற்றங்கால் எனலாம்.

இதனைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-இல் தொடங்கிற்று. இந்தியன் பிரீமியர் லீகில் சென்னையின் அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆட்டம் காண விழைந்த மக்களும், ஆட இடம் தேடிய இளைஞர்களும் மாநிலம் முழுவதும் இருந்தனர். எட்டு அணிகளின் உரிமையும் ஏல முறையில் தனியார் நிறுவனங்களுக்கும் தனியார்க்கும் அளிக்கப்பட்டது. 2016 ஆகஸ்டு 24-ஆம் நாள் முதல் ஆட்டம் நடைபெற்றது. சென்னைச் சேப்பாக்கம், நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திருநெல்வேலியில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் ஆகிய மூன்று இடங்களில் ஆட்டங்கள் நிகழ்ந்தன. முதல் கோப்பையைத் தூத்துக்குடி அணி வென்றது.

மதுரை அணியின் கதை

மதுரை அணி தொடக்கத்தில் ‘மதுரை சூப்பர் ஜயன்ட்’ என்னும் பெயர் பூண்டிருந்தது. பெயர் பெரிது, பேறு சிறிது. முதல் இரண்டு பருவங்களிலும் அது வரிசையின் அடிமட்டத்திலேயே நின்றது. தோற்ற அணிக்கு ஆதரவாளர் இரார் என்பது உலக வழக்கு. ஆயினும் ஊர்ப் பெயருக்கு ஒரு வலிமை உண்டு. ‘நம் மதுரை’ என்று சொல்லித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர் தோல்விக்குப் பிறகும் எழுந்து சென்றுவிடவில்லை.

2018-ஆம் ஆண்டில் அணியின் பெயர் ‘மதுரை பாந்தர்ஸ்’, அதாவது மதுரைச் சிறுத்தைகள் என்றிருந்தது. டி. ரோகித் தலைமை தாங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மதுரையை எதிர்த்து நின்றது அண்டை ஊராகிய திண்டுக்கல். திண்டுக்கல் அணி 117 ஓட்டங்களில் ஆட்டம் இழந்தது. இலக்கு சிறிதாயினும் மதுரைக்குத் தொடக்கத்திலேயே மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்தன. பழைய கதை மீண்டும் நிகழப்போகிறது என்றே கண்டோர் எண்ணினர். அப்பொழுது அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் இணைந்து நின்றனர். அவசரம் இன்றி, ஆனால் அச்சமும் இன்றி, இருவரும் இறுதிவரை ஆட்டமிழக்காமல் ஆடி 7 விக்கெட் வேறுபாட்டில் வெற்றியை முடித்தனர். அருண் கார்த்திக் 75 ஓட்டங்களும், ஷிஜித் சந்திரன் 38 ஓட்டங்களும் எடுத்திருந்தனர். இரண்டு ஆண்டு கடைசியில் நின்ற அணி மூன்றாம் ஆண்டில் முதலிடம் பெற்றது. அதன் பின் 2025-ஆம் ஆண்டுப் பருவம் வரை மற்றொரு கோப்பை அதற்குக் கிட்டவில்லை. ஆயினும் அந்த ஒன்றை எவரும் பறிக்க இயலாது.

அந்த 2018-ஆம் ஆண்டு அணியில் வருண் சக்கரவர்த்தி என்னும் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார். கட்டடக் கலை பயின்று, அத்தொழிலில் சிறிது காலம் இருந்து, பின் அதனை விடுத்து ஆட்டத்துக்குத் திரும்பியவர். மதுரைக்காக ஆடிய அப்பருவத்தில் அவர் பந்தினை எதிர்கொண்டவர்கள் திகைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் அவருக்குக் குறித்த அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி அவரை 8 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. பின்னர் இந்திய அணியிலும் இடம் பெற்று, 2025-இல் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற குழுவில் ஆடினார். நாற்றங்கால் தன் கடமையைச் செய்தது.

நெசவுத் தொழிலில் ஈடுபட்ட நம் அங்கத்தினர் சிறப்பாக அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் அவர். தந்தையார் தறி வேலையில் கூலிக்கு உழைத்தவர். தாயார் சாலையோரத்தில் கடை வைத்துக் குடும்பம் காத்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடிப் பழகிய அவ்விளைஞர், 2016-இல் திண்டுக்கல் அணிக்காக ஆடினார். மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்தினை ஒன்றன்பின் ஒன்றாக வீசிக் காட்டினார். அடுத்த ஆண்டு ஏலத்தில் பஞ்சாப் அணி அவருக்கு 3 கோடி ரூபாய் அளித்தது. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறை களம் இறங்கினார். 2023-இல் தம் சொந்தக் கிராமத்தில் இளைஞர்களுக்காக ஒரு மைதானம் அமைத்தார். உயர்ந்தவர் ஊரை மறவாமல் இருந்தமைக்கு இது சான்று.

பெயர் ஊருடையது, உரிமை எவருடையது?

இவ்வளவும் மகிழத் தக்கவை. இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் படித்துப் பற்றைப் படியாமல் விடுவது ஆய்வாளர்க்கு அழகன்று.

முதலாவது, மதுரை அணி 2016 முதல் 2025 வரை நடந்த எந்தப் பருவத்திலும் மதுரை மாநகரில் இந்த லீகின் ஆட்டம் எதனையும் ஆடியதில்லை. லீக் ஆட்டங்கள் நடத்துவதற்கேற்ற மைதானம் அங்கு இல்லாமையே காரணம். மதுரை மக்கள் தம் அணியைக் காண நத்தத்துக்கோ, திருநெல்வேலிக்கோ, வேறு ஊருக்கோ செல்ல வேண்டியிருந்தது. நம் கொட்டாம்பட்டி மக்களுக்கு நத்தம் அண்மையில் இருப்பதால், மாநகரத்தாரினும் நம்மவர்க்கே அது எளிதாயிற்று என்பது வியப்பன்று. 2025 அக்டோபரில் மதுரைச் சிந்தாமணிப் பகுதியில் புதிய கிரிக்கெட் மைதானம் ஒன்றினை மகேந்திரசிங் தோனி திறந்து வைத்தார். அதன் பயன் வருங்காலத்தில் தெரியும்.

இரண்டாவது, இதனினும் ஆழமானது. காரைக்குடிக்கு உரியதாய்த் தோன்றிய ‘காரைக்குடி காளை’ என்னும் அணி எங்கே? 2021-ஆம் ஆண்டுப் போட்டியில் அப்பெயர் இல்லை. அதே உரிமையாளரின் அணி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ என்னும் பெயருடன் களம் இறங்கியது. தூத்துக்குடியின் பெயரும் காஞ்சியின் பெயரும் அவ்வாறே மறைந்தன. சேலமும் நெல்லையும் தோன்றின. திருப்பூர் அணி 2025 ஜூலை 6-ஆம் நாள் நத்தத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை 118 ஓட்ட வேறுபாட்டில் வென்று கோப்பையைக் கைக்கொண்டது. பனியன் தொழிலாளர் நகருக்கு அது பெருமை. ஆனால் காரைக்குடியில் காளையின் கொடியைப் பிடித்த சிறுவன் அன்று எவருக்குக் கை தட்டினான்? அவனைக் கேட்டு அணி மாறவில்லை. கேட்க வேண்டிய கடமையும் சட்டத்தில் எவருக்கும் இல்லை. அவன் பார்வையாளன், பங்குதாரன் அல்லன்.

இதனை உரிமையாளர் செய்த குற்றம் என்று நாம் கூறவில்லை. தம் பணத்தை இட்டவர் தமக்கு நன்மை எனத் தோன்றிய இடத்துக்குச் செல்கிறார். நம் ஊர்ப் பெயரை மற்றொருவர் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தினார், வாடகைக் காலம் முடிந்தது, அவ்வளவே. ஊரின் அன்பு மட்டும் பற்று எழுதப்படாமல் நின்றுவிட்டது.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது

இத்தகைய துன்பம் நமக்கு முன்னரே அமெரிக்கச் சிற்றூர்களுக்கு நேர்ந்தது. அங்கு பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டைப் போல் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். மட்டையால் பந்தை அடித்தவன் நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அதன் சிறிய லீகுகள் 1901-இல் தேசியச் சங்கமாக ஒன்றுகூடின. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் பெரிய அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி ஒரு புதிய முறையை வகுத்தார். ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவதற்குப் பதிலாகச் சிற்றூர் அணிகளையே வாங்கி, அவற்றில் ஆட்டக்காரர்களைத் தாமே வளர்ப்பது என்பதே அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பண்ணை முறை’. பயிரிடுவோர்க்கு இப்பெயர் எளிதில் விளங்கும். பண்ணை செழிக்கும், ஆனால் விளைச்சலை அள்ளுபவன் பண்ணையாள் அல்லன், பண்ணையார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1949-இல் அந்நாட்டில் 59 சிறிய லீகுகள் நடைபெற்றன. ஏறத்தாழ 4 கோடி முறை மக்கள் நுழைவுச் சீட்டு வாங்கினர். அதன் பின் தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தது. பெரிய லீக் ஆட்டத்தை வீட்டிலேயே காண முடியுமாயின் சிற்றூர் மைதானத்துக்கு எவர் செல்வர்? பத்து ஆண்டுகளுக்குள் லீகுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஊர் ஊராக அணிகள் கலைந்தன. விசைத்தறி வந்தபோது கைத்தறிக்கு நேர்ந்ததை அறிந்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்பது ஒரு தொழில் நகரம். அதன் அணியின் பெயர் ‘ரெட் விங்ஸ்’, அதாவது செஞ்சிறகுகள். 1920-களின் இறுதி முதல் அது கார்டினல்ஸ் பண்ணையில் ஒன்றாக இருந்தது. 1956-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் கார்டினல்ஸ் அந்த அணியையும் மைதானத்தையும் கைவிட முடிவு செய்தது. வேற்றூரார் வாங்கினால் அணி வேற்றூர் சென்றுவிடும் என்னும் நிலை. அப்பொழுது மோரி சில்வர் என்னும் உள்ளூர் வணிகர் முன்வந்தார். அவர் தாமே அணியை வாங்கித் தமதாக்கிக் கொள்ளவில்லை. ‘ராச்செஸ்டர் சமுதாய பேஸ்பால்’ என்னும் நிறுவனத்தை அமைத்து, பங்கு ஒன்றுக்கு 10 டாலர் வீதம் நகர மக்களிடமே விற்றார். 72 நாட்கள் முயன்றனர். 8,222 பேர் பங்குதாரர் ஆயினர். 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை கொண்டு 1957-இல் அணியும் மைதானமும் ஊராருக்கு உரியவை ஆயின. ‘72 நாள் அற்புதம்’ என்று அதனை அந்நகரத்தார் வழங்குகின்றனர்.

அதன் பின் நிகழ்ந்தது கவனிக்கத் தக்கது. ஆட்டக்காரர்களை அளித்து ஊதியம் வழங்கும் பெரிய அணி மாறிக்கொண்டே இருந்தது. 1961 முதல் பால்டிமோர். 2003 முதல் மினசோட்டா. 2021 முதல் வாஷிங்டன். பெரிய அணி எது மாறினும் ராச்செஸ்டரின் அணி ராச்செஸ்டரிலேயே இருந்தது. ஆட்டக்காரர் ஊராருக்கு உரியவர் அல்லர்; அவர் வருவார், போவார். ஆனால் பெயர், சீட்டு வருமானம், எங்கு ஆடுவது என்னும் தீர்மானம் ஆகியவை ஊராரிடம் இருந்தன. பழைய மைதானத்துக்கு 1968-இல் மோரி சில்வரின் பெயரைச் சூட்டினர். 1990-களில் புதிய மைதானத்துக்கு அணி இடம் மாறியபோதும் அது அந்நகருக்குள்ளேயே மாறிற்று.

இந்த அணியைப் பற்றிய செய்தி ஒன்றை நம் மகாசபைக் கூட்டங்களில் சொல்லத் தக்கதெனக் கருதுகிறோம். 1981 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, பாட்டக்கெட் என்னும் ஊரில் ராச்செஸ்டர் அணி ஆடியது. பேஸ்பாலில் வழக்கமாக 9 சுற்றுகள். அன்று சமநிலை முறியவே இல்லை. 32 சுற்றுகள் முடிந்து மறுநாள் விடியற்காலை 4 மணி கடந்த பிறகே ஆட்டத்தை நிறுத்தினர். அவ்வேளையில் இருக்கைகளில் எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேர். ஜூன் 23-இல் மீண்டும் தொடங்கியபோது 33-ஆம் சுற்றில் 18 நிமிடங்களில் பாட்டக்கெட் வென்றது. தொழில்முறைப் பேஸ்பால் வரலாற்றில் மிக நீண்ட ஆட்டம் அது. தொடக்கத்தில் வந்தோர் பலர். இறுதியில் இருந்தோர் 19. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மாலை மரியாதை முடிந்ததும் எழுந்து செல்வோரும், வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் வரை அமர்ந்திருப்போரும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இக்கணக்கு புதிதன்று.

பங்கு இருந்தால் மட்டும் போதுமா?

ராச்செஸ்டருக்கு அண்மையில் சிரக்கியூஸ் என்னும் நகரம் உண்டு. அங்கும் 1961-இல் ஊர் மக்கள் பங்கு வாங்கி ஓர் அணியை அமைத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஊராரின் அணியாகவே ஆடிற்று. பின்னர் பார்வையாளர் குறைந்தனர், நட்டம் மிகுந்தது. 2017-இல் பங்குதாரர்களே வாக்களித்து அணியை நியூயார்க் மெட்ஸ் என்னும் பெரிய அணிக்கு விற்றுவிட்டனர். வெளியார் எவரும் வந்து பறிக்கவில்லை. உரிமையைக் கொண்டிருந்தவரே அதனைக் கைவிட்டனர்.

ஆகவே பங்குப் பத்திரம் ஒன்றினால் மட்டும் எதுவும் நிலைபெறாது என்பது தெளிவு. பங்கினை வாங்கிப் பெட்டியில் பூட்டியவனும் பார்வையாளனே. நட்டம் தொடங்கும் ஆண்டிலேயே ‘ஏன்’ என்று கேட்பவன்தான் உடைமையாளன். இன்னொன்றும் கூறவேண்டும். 2020-இல் அமெரிக்கப் பெரிய லீக் நிர்வாகம் சிறிய லீகுகள் முழுவதையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்து, அதனோடு இணைந்த அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இணைப்பை இழந்தன. ராச்செஸ்டர் அதில் தப்பியது. தனி ஒரு சங்கம் எவ்வளவு வலுவாயினும், மேலே உள்ள பெரிய அமைப்பில் அதன் குரல் ஒலியாவிடில் அதன் வாழ்வு பிறர் கையிலேயே இருக்கும் என்பதற்கு இது எச்சரிக்கை. ஆரம்பச் சங்கங்கள் மாவட்ட, மாநில இணையங்களில் தம் பிரதிநிதிகளைக் கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுவது கடமை. ராச்செஸ்டர் நிறுவனம் பங்குக் கம்பெனியே. நம் பொருளில் கூட்டுறவுச் சங்கம் அன்று. ராச்செஸ்டர் என்னும் பெயரோடு ஒலி ஒத்த ராச்டேல் என்னும் ஆங்கில நாட்டு ஊரை நம் அங்கத்தினர் அறிவர். 1844 டிசம்பர் 21-இல், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர், 28 பவுன் மூலதனம் கொண்டு அவ்வூரில் ஒரு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் விற்ற அச்சிறு கடையிலிருந்து உலகுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் ‘ஆளுக்கு ஒரு வாக்கு’ என்னும் விதி. பணத்துக்கு வாக்கு அன்று, ஆளுக்கு வாக்கு. 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில் தொடங்கிய வேளாண் கடன் சங்கமும், 1935-இல் கைத்தறி நெசவாளர்க்காக எழுந்த கோ-ஆப்டெக்ஸும் அந்த மரபில் வந்தவையே. விளையாட்டு உலகிலும் இவ்விதி செல்லும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா காற்பந்துக் கழகம் சான்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர் அதன் உடைமையாளர். தலைவரைத் தேர்தலில் அவர்களே தேர்கின்றனர்.

நம் ஊர்களில் என் செய்யலாம்?

மதுரை பாந்தர்ஸ் அணியை நம் சங்கங்கள் ஒன்றுகூடி விலைக்கு வாங்க வேண்டும் என்று கூற நாம் வரவில்லை. அவ்வுரிமையின் விலையும் செலவும் கோடிகளில் அமைபவை. விதைக்கடனுக்கும் நூல் கொள்முதலுக்கும் உரிய தொகையை அதில் இடுவது தகாது. சட்டமும் இடம் தராது. ஆனால் கிராமத்தில் நடைபெறும் ஆட்டம் அத்தகையதன்று.

பொங்கலை ஒட்டியும், கோடை விடுமுறையிலும் நம் வட்டத்துச் சிற்றூர்களில் கிரிக்கெட்டும் கபடியும் நடைபெறாத இடம் அரிது. ஊரார் சந்தா இடுகின்றனர். கடைக்காரர் கோப்பை தருகின்றனர். இளைஞர் இரவு பகலாக உழைக்கின்றனர். அடுத்த ஆண்டு அதே குழு இருப்பதில்லை. கணக்கு எவரிடம், எஞ்சிய தொகை யாது, வாங்கிய வலையும் விளக்கும் எங்கே என்று கேட்டால் விடை இல்லை. ஐயம் எழுகிறது, ஐயத்திலிருந்து பகை எழுகிறது, பகையினால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பெரிய இடத்திலும் இதுவே நிகழும். 2019-ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின், தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஆடிய சிலரைச் சூதாட்டத் தொடர்புடையோர் அணுகியதாகச் செய்தி எழுந்து, இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரிக்க நேர்ந்தது. ஆட்டக்காரர்களே அதனைத் தெரிவித்தனர் என்பது ஆறுதல். மறைவிடத்தில் பணம் நடமாடும் இடமெல்லாம் ஐயமும் உடன் நடமாடும். திறந்த கணக்கே அதற்கு மருந்து.

ஆதலால் ஊர் விளையாட்டுக் குழு ஒவ்வொன்றும் முறைப்படி பதிவு பெற்ற சங்கமாக அமைதல் நன்று. ஆண்டுச் சந்தா எளியவர்க்கும் இயலும் தொகையாக இருக்கட்டும். அதிகம் கொடுத்தவர்க்கும் ஒரு வாக்கு, குறைவாகக் கொடுத்தவர்க்கும் ஒரு வாக்கு என்று விதியில் எழுதட்டும். வரவு செலவினை ஆட்டம் முடிந்த பதினைந்து நாட்களுக்குள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலோ சங்கத்தின் பலகையிலோ ஒட்டட்டும். மைதானமாகப் பயன்படும் புறம்போக்கு நிலத்தை வேறெதற்கும் மாற்றுமுன் ஊர்க் கிராம சபையில் பேசட்டும். பெண்மக்கள் ஆடுவதற்கும் அதே மைதானத்தில் வேளை ஒதுக்கட்டும். இவற்றுள் எதற்கும் கோடிகள் தேவையில்லை. நோட்டுப் புத்தகம் ஒன்றும், அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கும் அங்கத்தினர் பத்துப் பேரும் தேவை.

இவ்வாறு அமைந்த குழுவிலிருந்து நாளை ஒரு நடராஜன் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். ஆயிரம் நாற்றில் ஒன்றே உயர்ந்து நிற்கும் என்பது பயிரிடுவோர் அறிந்த உண்மை. ஆனால் தோன்றினாலும் தோன்றாவிடினும் அந்தக் குழு ஊருடையதாக இருக்கும். அதன் பெயரை எவரும் மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்ல இயலாது.

நம் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் உண்டு. தள்ளுபடி வரும் பருவத்திலும் போனசு வழங்கும் நாளிலும் மட்டும் வந்து செல்பவர், தம் அணி வென்ற நாளில் மட்டும் கை தட்டுபவரை ஒப்பர். கொள்முதல் விலை நிர்ணயிக்கும் கூட்டத்தில், தணிக்கை அறிக்கை படிக்கும் கூட்டத்தில், நிர்வாகக் குழுத் தேர்தலில் வந்து அமர்பவரே களத்தில் நிற்பவர். வரும் மகாசபைக்கான அறிவிப்பு தங்கள் கைக்கு எட்டும்போது, தேதியைக் குறித்துக்கொண்டு, கடைசித் தீர்மானம் நிறைவேறும் வரை இருந்து வருமாறு அங்கத்தினர் யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.